வளவில் ஆள் நடமாட்டம்

அரியக்குடி என்றதும் பலருக்கும் தென்திருப்பதி என்று பேர்பெற்ற திருவேங்கடமுடையான் கோயில் நினைவுக்கு வரும். சங்கீதம் கேட்கிறவர்களுக்கு 1890இல் பிறந்த ராமானுஜ ஐயங்கார் நினைவுக்கு வருவார். கல்யாணச் சீர் வாங்குகிறவர்களுக்குப் பித்தளைக் குத்துவிளக்கு. அந்தச் செட்டிநாட்டுப் பக்கத்து ஊர்களைப் பற்றிய என் நினைவில் இவற்றோடு சேர்ந்தே நிற்பவை பூட்டிய வீடுகள். காரைக்குடியை ஒட்டிய அரியக்குடியானாலும் சரி, கண்டனூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் ஆனாலும் சரி, ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடுகள் வரிசையாக நிற்கின்றன. திண்ணையில் ஒரு காவற்காரரும் உள்ளே வௌவாலுமாகக் காலம் கழிகிறது. பொங்கல், முன்னோருக்கான படைப்பு, எப்போதாவது ஓர் அறுபதாம் கல்யாணச் சாந்தி என்று ஆண்டில் சில நாள் கதவு திறக்கும். மற்ற நாளெல்லாம் பூட்டுத்தான். இந்த வீடுகளில் சில கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாக விருந்தினர் தங்கும் விடுதிகளாகியிருக்கின்றன. அதைப் பற்றி ஊருக்குள் நல்ல பேச்சும் உண்டு, கசந்த பேச்சும் உண்டு. சொந்தக் குடும்பமே முன்னின்று நடத்துமானால், இந்த வீடுகளுக்கு இன்று கிடைக்கக்கூடிய பிழைப்புகளில் விருந்தினர் விடுதிதான் அவற்றின் பிறவிக் குணத்துக்கு மிக நெருக்கமானது என்று நான் நினைக்கிறேன். கசந்த பேச்சில் உள்ள நியாயத்தையும் எடுத்து வைத்தே இதைச் சொல்ல வேண்டும்.

வீட்டின் அமைப்பே முதல் சாட்சி. முகப்பில் இரு பக்கமும் திண்ணை. அதைத் தாண்டினால் பட்டாலை, அதற்கும் உள்ளே வானம் பார்த்த வளவு, வளவைச் சுற்றித் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி மகன்களுக்கான அறைகள். இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார் குடும்பங்களில் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் வேறு வைத்துவிடுவார்கள். ஒரே கூரைக்குள் அவனுக்குத் தனி அறை, தனி அடுப்பு, அளந்து கொடுத்த அரிசி பருப்பு, தனிக் கணக்கு. கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் கோயில் கணக்கில் ஒரு புள்ளி. அந்த அறைகளும் பெரும்பாலும் சீர்ச் சாமான்களையும் பட்டையும் பாத்திரத்தையும் வைத்துப் பூட்டிக்கொள்ளத்தான் பயன்பட்டன. மனிதர்கள் தாழ்வாரத்திலும் பட்டாலையிலும் பாய் விரித்துப் படுத்தார்கள். இரண்டாம் கட்டில் பந்தி பந்தியாக ஆட்கள் உட்காரும் கூடம், பின் கட்டில் அடுப்படி, ஆட்டுக்கல், அண்டாக்கள், கிணறு. ஒரு குடும்பம் அன்றாடம் வாழ்வதற்கு இவ்வளவு இடம் எக்காலத்திலும் தேவைப்பட்டதில்லை. ஆண்கள் ‘கொண்டுவிக்க’, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போய் ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் மூன்று வருஷக் கணக்கில் இருந்தார்கள். வீடு செழிப்பாக இருந்த நாளிலேயே பாதி வெறுமையாகத்தான் இருந்தது. ஒரு கல்யாணத்துக்கு நூற்றுக்கணக்கான பேர் வந்து பல நாள் தங்கி, உண்டு, உறங்கி, வெற்றிலை போட்டுப் போவதற்காகவே அது கட்டப்பட்டது. தனித்தனிப் பூட்டுள்ள அறைகள், எல்லோருக்கும் பொதுவான முற்றம், ஒரே நேரத்தில் பலருக்குச் சமைக்கும் அடுப்படி என்று பார்த்தால், விருந்தினர் வந்து தங்குவதற்கு இந்த வீட்டில் எதையும் இடிக்க வேண்டியதில்லை; குளியலறைகளைச் சேர்த்தால் போதும்.

இவ்வளவு பெரிய வீடு கட்டப் பணம் வந்த வழியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1852க்குப் பின் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஐராவதிக் கழிமுகத்தில் காடு திருத்தி நெல் விளைவித்த உழவர்களுக்குக் கடன் கொடுத்தவர்கள் நம் ஊர்க்காரர்கள். 1930இல் கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசம் இருந்த சாகுபடி நிலம் சுமார் 6 விழுக்காடு. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்து கடன் திரும்பாமல் போக, 1938க்குள் அது ஏறத்தாழ 25 விழுக்காடு ஆனது. விரும்பிச் சேர்த்த நிலம் அல்ல, கடனுக்கு ஈடாக வந்தது என்று நம்மவர்கள் சொல்வதில் உண்மை உண்டு; அதை இழந்தவர் பர்மிய உழவர் என்பதிலும் உண்மை உண்டு. 1942இல் ஜப்பானியப் படை வந்தது. பிறகு சுதந்திர பர்மாவின் நிலச் சட்டங்களும், 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்தபின் வந்த நாட்டுடைமையும் மிச்சத்தை முடித்துவைத்தன. வருமானம் கடலுக்கு அப்பாலும் செலவு இங்கேயுமாக இருந்த ஏற்பாடு அது. ஒரு பக்கம் அறுந்ததும் மறு பக்கம் நிற்க வழியில்லை. இந்த வீடுகள் தம் பராமரிப்புச் செலவைத் தாமே சம்பாதித்த காலம் என்று ஒன்று இருந்ததே இல்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டால், இன்று அவற்றைச் சம்பாதிக்கச் சொல்வது ஏன் சிலருக்கு உறுத்துகிறது என்பதும் விளங்கும்.

பூட்டிவைத்தால் வீடு அப்படியே இருக்கும் என்கிற நம்பிக்கைதான் பெரிய ஆபத்து. சுண்ணாம்பை நாட்கணக்கில் அரைத்து, கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பல பூச்சாகப் பூசி, கல்லால் தேய்த்துப் பளபளப்பேற்றிய சுவர் அது. வெயிலையும் ஈரத்தையும் தாங்கும்; தேங்கிய ஈரத்தைத் தாங்காது. கூரையில் நாட்டு ஓட்டை அடுக்கடுக்காகப் போட்டிருப்பார்கள். காற்றிலும் குரங்கு நடமாட்டத்திலும் ஓடு நகரும். அவ்வப்போது ஆள் ஏறிச் சரிசெய்ய வேண்டும். ஆள் ஏறாத ஆண்டில் ஐப்பசி, கார்த்திகை மழை உள்ளே இறங்கும். தண்ணீர் முதலில் தேடிப் போவது சுவருக்குள் புதைந்த உத்தரத்தின் முனையை. அந்த முனை இற்றால் தேக்கும் தாங்காது. பிறகு கறையான். பிறகு விரிசலில் முளைக்கும் அரசங்கன்று. ஆள் இருக்கிற வீட்டில் ஒரு சொட்டு விழுந்தாலே தெரிந்துவிடும். பூட்டிய வீட்டில் அடுத்த படைப்புக்குக் கதவைத் திறக்கும்போதுதான் தெரியும். அதற்குள் பங்காளிகளின் பேச்சு பழுதுபார்ப்பதிலிருந்து பிரித்து விற்பதற்கு மாறியிருக்கும். தேக்குத் தூண், நிலை, கதவு, பெல்ஜியக் கண்ணாடி, எனாமல் பாத்திரம் எல்லாம் விலை போகும். சுண்ணாம்புச் சுவர் விலை போகாது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் அடுக்கியிருக்கும் ஒவ்வொரு நிலைக்கதவுக்கும் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கடைக்காரர்களைக் குறை சொல்வதில் பொருளில்லை. விற்க வந்ததைத்தான் அவர்கள் வாங்கினார்கள். நிறுத்தினால் செலவு, இடித்தால் வரவு என்று கணக்கு நிற்கும் வரையில் எந்தப் பெருமைப் பேச்சும் ஒரு தூணைக்கூடக் காப்பாற்றாது.

ராஜஸ்தானத்தின் ஷேகாவதிப் பகுதி செட்டிநாட்டுக்கு மிக நெருங்கிய உறவு என்று சொல்லலாம். ஜுன்ஜுனு, சீகர், சூரு மாவட்டங்களில் மார்வாரி வணிகர்கள் கல்கத்தாவிலும் பம்பாயிலும் சம்பாதித்து ஊரில் ஓவியச் சுவர்களோடு ஹவேலிகள் கட்டினார்கள். பிறகு குடும்பங்கள் நகரங்களிலேயே தங்கிவிட, ஹவேலிகள் பூட்டப்பட்டுச் சுவரோவியங்கள் உதிர்கின்றன. அதே பகுதியில் டுண்ட்லோத் கோட்டையில் பழைய ஜாகிர்தார் குடும்பமே விருந்தினர் விடுதி நடத்துகிறது. கூடவே மார்வாரிக் குதிரைகளும் வளர்க்கிறது. காது நுனிகள் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடுகிற அந்தக் குதிரை இனம், ஜாகிர் முறை ஒழிந்தபின் தீனி போட ஆளில்லாமல் தேய்ந்துபோனது. அது மீண்டதற்கு இனத்தைக் காக்கச் சங்கம் வைத்து உழைத்தவர்கள் ஒரு காரணம். குதிரை சவாரிக்காகப் பணம் கொடுத்து வந்து தங்கிய விருந்தினர்கள் இன்னொரு காரணம். ஜோத்பூருக்குத் தெற்கே ரோஹட் கட் என்ற இடத்திலும் இதே கதைதான்: குடும்பம், பழைய வீடு, குதிரைகள், விருந்தினர். குதிரைக்குத் தினமும் தீனி வேண்டும், லாடம் அடிக்க ஆள் வேண்டும், தேய்த்துவிடக் குதிரைக்காரர் வேண்டும்; இந்தத் தினசரிச் செலவை அபிமானம் ஒன்றை வைத்துக்கொண்டு யாரும் நெடுங்காலம் நடத்த முடியாது. வீட்டுக்கும் அப்படித்தான். நம் பக்கத்திலேயே இதற்கு ஓர் அத்தாட்சி உண்டு. சிவகங்கைச் சீமையில் ஐயனாருக்குப் புரவி எடுப்பு நடக்கிற ஊர்களில் ஒவ்வொரு திருவிழாவுக்கும் வேளார்கள் புதிதாக மண்குதிரை செய்து சுட்டு வண்ணம் தீட்டுகிறார்கள். பழைய குதிரைகள் கோயில் வெளியில் நின்று மழையில் கரைகின்றன, யாரும் அதற்காக வருந்துவதில்லை. ஊர் அடுத்த முறையும் குதிரை செய்யச் சொல்லிப் பிடிமண் கொடுக்கும் என்பதால் செய்கிற கை மறக்காமல் இருக்கிறது. ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் சாயச் சிமெண்டை ஊற்றிப் பூக்கல் வார்ப்பவருக்கும், அரியக்குடியில் பித்தளை வார்த்துக் கடைகிறவருக்கும், பனையோலையில் கொட்டான் முடைகிற பெண்களுக்கும் வேண்டியது இந்தப் பிடிமண்தான். பூட்டிய வீடு யாருக்கும் வேலை கொடுப்பதில்லை. விருந்தினர் வந்துபோகும் வீட்டில் ஓடு மாற்றவும் சுண்ணாம்பு பூசவும் உடைந்த கல்லுக்குப் பதில் கல் பதிக்கவும் ஆண்டு முழுதும் ஆள் வேண்டியிருக்கிறது.

செட்டிநாட்டில் இது தொடங்கிவிட்டது. 1990களின் இறுதியில் காரைக்குடியில் மீனாட்சி மெய்யப்பன் குடும்ப பங்களா ஒன்றைத் ‘தி பங்களா’ என்ற விடுதியாக மாற்றினார். அது வளவு வீடல்ல. குடும்பத்தார் பொழுதுபோக்கவும் விருந்தினரைச் சந்திக்கவும் வைத்திருந்த கட்டடம். ஆனால் வீட்டுச் சமையலை வீட்டு முறையிலேயே வாழையிலையில் போட்டு வெளியூராரை உட்காரவைக்கலாம் என்பதை அது நிரூபித்தது. அவரே எஸ். முத்தையா, விசாலாட்சி ராமசாமி ஆகியோரோடு சேர்ந்து செட்டிநாட்டு மரபைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பெரிய நூலும் எழுதினார். விடுதி நடத்துகிறவர்தான் மரபை எழுதிவைக்கவும் முனைந்தார் என்பது தற்செயலானதல்ல. கானாடுகாத்தானில் ஒரு தந்தை தன் மகளுக்காகக் கட்டிய ‘விசாலம்’ வீட்டைக் கேரளத்தின் சிஜிஎச் எர்த் நிறுவனம் நடத்துகிறது. கடியாபட்டி ராமச்சந்திரபுரத்தில் சிதம்பர விலாஸ் விடுதியாயிற்று. கோத்தமங்கலத்தில் 1910இல் கட்டிய சாரதா விலாஸைப் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் இருவர் சீரமைத்து விடுதியாக்கினார்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றதில் அவர்களுடைய ஆய்வுக்கும் பங்கு உண்டு. இவை எல்லாவற்றாலும் கட்டடம் பிழைத்தது. அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். இருந்தாலும் குடும்பமே நின்று நடத்துவதையே நான் மேலாகக் கருதுகிறேன். இத்தாலியில் பழைய பண்ணைவீடுகளில் விருந்தினரைத் தங்கவைப்பதற்கு 1985இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி உழவர்தான் அதை நடத்தலாம். உழவுதான் முதல் தொழிலாக இருக்க வேண்டும், விருந்தோம்பல் அதற்குத் துணையாக நிற்க வேண்டும். உழவு செத்துப்போன பண்ணைவீட்டில் பண்ணை எங்கே என்ற கேள்விக்கு அந்தச் சட்டம் பதில் சொன்னது. நம் மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் இல்லத் தங்கல் திட்டத்திலும் உரிமையாளர் குடும்பம் அந்த வீட்டில் வசிக்க வேண்டும் என்பதும், வாடகைக்கு விடும் அறைகள் ஆறுக்கு மேல் போகக்கூடாது என்பதும் விதி. செட்டிநாட்டு வீட்டில் உழவின் இடத்தில் இருப்பது படைப்பும் கல்யாணமும் சாமி வீட்டு விளக்கும். அவை நின்றுவிட்டால் மிஞ்சுவது அழகான ஒரு ஹோட்டல்.

விருந்து என்பது விலைக்கு விற்கிற பொருளா என்று கேட்பவர்கள் உண்டு. காசியிலும் ராமேஸ்வரத்திலும் பழனியிலும் யாத்ரிகர்களுக்குச் சத்திரம் கட்டிவைத்த சமூகம், தன் வளவில் அறைக்கு இவ்வளவு என்று பலகை மாட்டலாமா என்பது அவர்கள் மனத்தாங்கல். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதில் மானம் இருக்கிறது. ஆனால் சத்திரங்களும் மனத்தால் மட்டும் நடக்கவில்லை. நிலமும் முதலும் எழுதிவைத்து, அந்த வருமானத்துக்குக் கணக்கு எழுதி, அந்தக் கணக்கை ஊரார் பார்க்கும்படி வைத்ததால்தான் நடந்தன. கல்யாண வீட்டில் மொய்ப்பண ஏடு வைத்து யார் என்ன எழுதினார்கள் என்று தலைமுறைக்கும் காப்பாற்றிய வீடுகள் இவை. கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பதால் உறவு கெடும் என்று அங்கே யாரும் நினைத்ததில்லை. பணம் வாங்குவதால் உபசாரம் கெடுவதில்லை. உபசரிப்பவர் வீட்டில் இல்லாமல் சம்பளத்துக்கு வைத்த புன்னகை மட்டும் இருந்தால்தான் கெடுகிறது. ஆச்சி ஒருவர் அடுப்படிக்குள் வந்து, இன்றைக்குக் கவுனி அரிசி குழையவில்லை, இன்னும் கொஞ்சம் வேகட்டும் என்று சொல்கிற வீட்டில் விருந்தினரும் பணம் கொடுத்ததை மறந்துவிடுகிறார்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் வேறொன்று. இந்த வீடுகளின் வாசல் எல்லோருக்கும் ஒரே அளவில் திறந்ததில்லை. சிலர் வளவு வரை வந்தார்கள், சிலர் திண்ணையோடு நின்றார்கள், சிலர் பின்வாசல் வழியாக மட்டும் வந்து வேலை செய்துவிட்டுப் போனார்கள். இன்று பாரிஸிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர் நேரே வளவுக்குள் போய் ஊஞ்சலில் உட்காருகிறார். சுண்ணாம்பு அரைத்தவரின் பேத்தி தட்டு எடுத்து வருகிறார். பழைய படிநிலையின் இடத்தில் பணத்தின் படிநிலை வந்திருக்கிறது, அவ்வளவுதானே என்று கேட்டால், ஒரு பகுதி ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் பூட்டிய வீடும் இடித்த வீடும் அந்தப் பேத்திக்கு எதுவும் தரவில்லை. ஊருக்குள்ளேயே மாதச் சம்பளமும், சமையலோ கணக்கோ மேற்பார்வையோ கற்று மேலே வரும் வழியும் கிடைக்குமானால் அது பழைய ஏற்பாட்டின் தொடர்ச்சி ஆகாது. இதை உறுதிசெய்வது நடத்துகிறவர் பொறுப்பு, தானாக நடந்துவிடாது. ஆத்தங்குடி, கானாடுகாத்தான் பக்கம் சில வீடுகளைச் சிறு கட்டணத்துக்கு யாரும் உள்ளே போய்ப் பார்க்கலாம். தங்கும் விடுதிகளும் வாரத்தில் ஒரு பொழுதை உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாம். வீட்டைச் சுற்றிக் காட்டும்போது பர்மாத் தேக்கின் அழகைச் சொல்கிற நாவால் பர்மிய உழவரின் நிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் வீட்டின் மதிப்பு குறைந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். வருகிறவர்கள் விவரம் தெரிந்தவர்கள், கூடுதலாக நம்புவார்கள்.

அரசு எடுத்து அருங்காட்சியகம் ஆக்கட்டும் என்ற யோசனை கேட்க நன்றாக இருக்கிறது. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் தொடங்கிய தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீட்டை மறுபடி எழுப்பி வைத்திருக்கிறார்கள்; நல்ல காரியம், பல ஆயிரம் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஊரில் நிற்பவை ஆயிரக்கணக்கான வீடுகள். தமிழ்நாடு மரபு ஆணையத்துக்கான சட்டம் 2012இல் வந்தது. அதைச் செயலுக்குக் கொண்டுவரவே பல ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் எத்தனை மழைக்காலம் போயிற்று என்று கூரைக்குத் தெரியும். சினிமா ஷூட்டிங்குக்கு விடுவது இன்னொரு வழி. சில நாள் வாடகை வரும். ஆணி அடித்த சுவரும் வண்ணம் மாறிய தூணும் மிஞ்சும். மழைக்காலத்தில் ஓட்டைப் பார்க்கச் சினிமாக்காரர்களில் யாரும் வரப்போவதில்லை.

உண்மையான முட்டுக்கட்டை பணமோ சட்டமோ இல்லை, பங்கு. பாட்டையா கட்டிய வீடு மகன்கள், பேரன்கள் என்று பிரிந்து, ஒரே வீட்டுக்கு இன்று முப்பது, நாற்பது பேர் உரிமையாளர்களாகச் சென்னையிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். ஒருவர் பழுதுபார்க்கச் செலவழித்தால் மற்றவர் பங்கும் சேர்ந்து உயர்கிறது என்பதால் யாரும் முதலில் கை வைப்பதில்லை. நான் மேலே சொன்ன வாதம் முழுவதும் இங்கேதான் சோதனைக்கு வருகிறது. பங்காளிகளில் ஊரில் இருக்கச் சம்மதிக்கிற ஒரு புள்ளிக்கு நீண்டகாலக் குத்தகையாக வீட்டை விடலாம். சொத்துரிமை யாருக்கும் மாற வேண்டாம். வரவில் முதல் பங்கு கூரைக்கும் சுவருக்கும் என்று ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பங்குப்படி பிரிக்கலாம். ஊருணியை நம்பி வாழ்கிற வறண்ட சீமையில் நீச்சல்குளம் வெட்டுவதில்லை என்பதையும், வளவின் மேல் விழும் மழையைக் கிணற்றுக்குக் கொண்டுபோன பழைய வாய்க்காலை மறுபடி திறப்பது என்பதையும் குத்தகை ஒப்பந்தத்திலேயே எழுதலாம். சாமி வீட்டு அறை வாடகைக்கு இல்லை. படைப்புக்கும் பொங்கலுக்கும் பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கும் உரிய நாட்களை ஆண்டுத் தொடக்கத்திலேயே குறித்து, அந்த நாட்களில் ஓர் அறைகூட வெளியாருக்கு இல்லை என்று வைக்கலாம். தங்கவந்தவர்களில் யாரேனும் அந்த நாளில் ஊரில் இருந்தால், அவரைப் பந்திக்குக் கூப்பிடுவது குடும்பத்தின் விருப்பம். இவ்வளவும் எழுதிக் கையெழுத்தாகப் பங்காளிகள் எல்லோரும் ஒரே நாளில் ஊரில் இருக்க வேண்டும். அப்படி ஒரு நாள் படைப்பின்போது இன்னும் வருகிறது. எந்த அறை எந்தப் புள்ளிக்கு, எந்த உத்தரம் எப்போது மாற்றியது என்று கேட்டவுடன் சொல்லக்கூடிய பெரியவர்களும் அன்றைக்கு அந்தப் பட்டாலையில் இருப்பார்கள். ஒப்பந்தத்தை அவர்கள் இருக்கும்போதே எழுதிவிடுவது நல்லது.